முட்டாளாக இருக்கும் உரிமை

2015 அக்டோபர் கடைசி வாரம். வட கரோலினாவின் ஷார்லட் நகரத்தில் நான் ஆன்சைட்டில் இருந்த ஓர் அலுவலகத்தில் என் கையில் ஒரு ஹெட்செட்டைக் கொடுத்தார்கள். ஹாலோவீனுக்கு ஒவ்வொரு டீமும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பாத்திரங்களாக வேஷம் கட்டி வரணும் என்பது ஏற்பாடு. எங்கள் டீமின் படம் ‘டல்லடேகா நைட்ஸ்’. ரிக்கி பாபி வேஷத்துக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். பிரெஞ்சுக்கார ஜிராராக வர எங்கள் மேனேஜரே ஆசைப்பட்டு, வீட்டிலிருந்து குட்டி காபி கப் எடுத்து வந்தார். எனக்கு மட்டும் விவாதமே இல்லை. “நீ லூசியஸ்” என்றார்கள். “நல்ல கேரக்டர். அந்தக் கும்பலில் மூளை உள்ள ஒரே ஆள்” என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

நான் அதுவரை படத்தைப் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

அந்த சனிக்கிழமை ராத்திரி மதுரைக்கார ரூம்மேட்டோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். லூசியஸ் வாஷிங்டனாக வருபவர் மைக்கேல் கிளார்க் டங்கன். ஆறடி ஐந்து அங்குல மலை. நான் ஐந்தடி ஐந்து, ஐம்பத்தெட்டு கிலோ. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டே விஷயங்கள். ஒன்று நிறம். இன்னொன்று வேலை. ரிலீஸ் ராத்திரிகளில் பிரிட்ஜ் காலில் உட்கார்ந்து, எல்லாரும் பதறும்போது பதறாமல், ‘இப்ப இதைப் பண்ணுங்க, அப்புறம் அதைப் பாருங்க’ என்று காதில் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்தான். படத்தில் லூசியஸ் செய்வதும் அதேதான். காரோட்டியின் காதில் பேசும் க்ரூ சீஃப். “டேய், கரெக்டாத்தான்டா குடுத்திருக்கானுங்க” என்று ரூம்மேட் உருண்டு உருண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் எதிலோ மாட்டிக்கொண்டது. எதில் மாட்டியது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் படத்தை நான் அதற்கப்புறம் ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன். விமர்சனம் எழுதுவதற்கு இது கௌரவமான காரணம் இல்லைதான்.

படத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் கதை. ஆடம் மெக்கே இயக்கி, வில் ஃபெரலும் அவரும் சேர்ந்து எழுதி, 2006 ஆகஸ்ட் 4 அன்று வெளியான படம். விளையாட்டுப் படங்களுக்கென்று ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது இல்லையா: திறமைசாலி, எழுச்சி, அகங்காரம், வீழ்ச்சி, அப்பா சென்டிமென்ட், கடைசிப் போட்டி. அந்த டெம்ப்ளேட்டை வரிசை மாறாமல் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் அதைக் கேலி செய்கிறது. எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் வேகத்தைப் பற்றிக் கெட்ட வார்த்தையோடு சொன்னதாக ஒரு போலி மேற்கோளுடன்தான் படமே தொடங்கும். ரிக்கி பாபி வேகமாக ஓடும் காரின் பின்சீட்டில் பிறந்தவன். ‘முதல் இடம் இல்லைன்னா நீ கடைசி’ என்று அப்பா எப்போதோ சொன்ன ஒரு வரியை வேதமாகப் பிடித்துக்கொண்டு வளர்கிறான். பல வருஷம் கழித்து அப்பாவிடம் அதைச் சொன்னால், ‘அன்னிக்கு நான் போதையில இருந்தேன்டா, அதுல என்ன அர்த்தம் இருக்கு, ரெண்டாவது மூணாவதுகூட வரலாமே’ என்கிறார். ஒரு வம்சத்தின் தத்துவம் முழுக்க இப்படித் தரையில் விழும் இடம் படத்தின் மிகச் சிறந்த ஜோக்குகளில் ஒன்று.

கதை நடப்பது நாஸ்கார் உலகத்தில். அமெரிக்கத் தெற்கின் கார் பந்தயம். 1948-இல் அமைப்பாக உருவானது. அதன் ஆரம்பகால வீரர்களில் பலர் மலைப்பக்கத்தில் கள்ளச்சாராயம் கடத்தி, போலீஸ் வண்டியை முந்தி முந்திப் பழகியவர்கள். வெள்ளைக்காரத் தொழிலாளி வர்க்கத்தின் திருவிழா என்று சொல்லலாம். பைபிள், பீர், தேசியக் கொடி, ஸ்பான்சர் ஸ்டிக்கர். ரிக்கி பாபியின் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் நடக்கும் பிரார்த்தனையில் ‘குழந்தை ஏசு’வுக்கு நன்றி சொல்லும்போதே ஒப்பந்தப்படி ஒரு குளிர்பானத்தின் பெயரையும் சொல்லியாக வேண்டும்.

இந்த உலகத்துக்குள் ஒருநாள் ஜான் ஜிரார் நுழைகிறான். ஃபார்முலா ஒன் ஓட்டிய பிரெஞ்சுக்காரன். தன்பாலீர்ப்பாளன். நடிப்பது சாஷா பாரன் கோஹன். பாருக்குள் வந்து ஜூக்பாக்ஸில் ஜாஸ் போடுகிறான், அங்கேயே கூட்டம் உறைந்துபோகிறது. தன் கணவர் கிரெகரி என்று அறிமுகப்படுத்துகிறான். கார் ஓட்டிக்கொண்டே காபி குடிக்கிறான், ஆல்பர் காம்யு படிக்கிறான்.

இந்த இடத்தில் தேதிகளைக் கவனிக்கணும். 2003-இல் ஈராக் போருக்கு பிரான்ஸ் ஆதரவு தரவில்லை என்ற கோபத்தில் அமெரிக்கக் கீழவையின் கேன்டீன்களில் ‘ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்’ பெயரை ‘ஃப்ரீடம் ஃப்ரைஸ்’ என்று மாற்றியிருந்தார்கள். பழைய பெயர் சத்தமில்லாமல் திரும்பி வந்ததே 2006-இல்தான். படத்தின் பெயரில் உள்ள டல்லடேகா இருப்பது அலபாமாவில். அந்த அலபாமாவில் 2006 ஜூன் 6 அன்று, ஒருபால் திருமணத்தைத் தடை செய்யும் அரசியல் சட்டத் திருத்தம் 81 சதவீத வாக்குகளோடு நிறைவேறியது. நாடு முழுக்க மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மட்டும்தான் அப்படி ஒரு திருமணம் அப்போது சட்டப்படி செல்லும். அந்த வாக்கெடுப்புக்கு இரண்டு மாதம் கழித்து, அதே தெற்கின் தியேட்டர்களில் ஒரு ஆண் ‘இவர் என் கணவர்’ என்கிறான். கூட்டம் சிரிக்கிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

இதற்கு ஒரு நல்ல காட்சி இருக்கிறது. ஜிரார், ரிக்கியின் கையை முறுக்கி மேஜையில் அழுத்திப் பிடித்திருக்கிறான். ‘எனக்கு க்ரேப் பிடிக்கும்’ என்று சொன்னால் விட்டுவிடுகிறேன் என்கிறான். ரிக்கி தேசபக்தன், சொல்ல மாட்டேன் என்கிறான். க்ரேப் என்றால் மெல்லிசான பான்கேக்தான் என்று நண்பர்கள் விளக்குகிறார்கள். அட, அது எனக்கும் பிடிக்குமே என்கிறான் ரிக்கி. அப்படியும் வாயால் சொல்ல மாட்டேன் என்கிறான். கை உடைகிறது. எலும்பு உடையும் சத்தம் நமக்குக் கேட்கும். தனக்குப் பிடித்த ஒன்றைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாமல் கையை உடைத்துக்கொள்ளும் ஆண். ஆண்மை குறித்து எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட அந்த இரண்டு நிமிஷம் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்னால் நடக்கும் வாக்குவாதம் இன்னும் அழகு. அமெரிக்கா உலகத்துக்கு என்ன கொடுத்தது என்று பிரெஞ்சுக்காரன் சீண்டுகிறான். இவர்கள் வரிசையாகக் கத்துகிறார்கள்: சீனச் சாப்பாடு, பீட்சா.

ஜிராரைக் கேலிச்சித்திரம் என்று குறை சொல்லலாம். உண்மைதான். அந்த உச்சரிப்பு பிரான்ஸில் எங்கேயும் கிடைக்காது. ஆனால் அவனைப் படம் என்ன செய்கிறது என்று பாருங்கள். அவன் ஜெயிக்கிறான், தொடர்ந்து ஜெயிக்கிறான். அவனுடைய ரகசியம்கூட வில்லத்தனமானது இல்லை: தன்னைத் தோற்கடிக்கத் தகுதியான ஒருவனைத் தேடித்தான் அமெரிக்காவுக்கே வந்திருக்கிறான். தோற்றுவிட்டால் கிரெகரியோடு ஸ்டாக்ஹோமுக்குக் குடிபோய், நாய்களும் பூனைகளும் பயன்படுத்துவதற்கான நாணயம் ஒன்றை உருவாக்கப் போகிறான். இது படத்திலேயே மிக முட்டாள்தனமான கனவு, மிக மென்மையான கனவும் இதுதான். அவனுக்கும் ரிக்கிக்கும் சம அளவு பைத்தியக்காரத்தனம் கொடுக்கப்பட்டிருக்கிறது. கடைசிப் பந்தயத்தில் இரண்டு பேர் காரும் நொறுங்கி, இறங்கிக் கால்நடையாக ஓடி, கோட்டைத் தொடப் பாய்கிறார்கள். ரிக்கி முந்திவிடுகிறான். ஜிரார் கை நீட்டுகிறான். ரிக்கி கை குலுக்காமல் உதட்டில் முத்தம் கொடுக்கிறான். நீளமாக. டல்லடேகா ஓடுதளத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்க.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லியாகணும். அதே 2006 ஆகஸ்டில் நான் இன்ஜினியரிங் முதல் வருஷம் சேர்ந்த புதிது. விடுதியிலிருந்து கும்பலாகப் போய் ‘வேட்டையாடு விளையாடு’ பார்த்தோம். அந்த இரண்டு வில்லன்களைப் பார்த்து நாயகன் ஏளனமாக வீசும் அந்தக் கேள்விக்கு தியேட்டரே அதிர விசில் அடித்ததில் என் விசிலும் உண்டு. அதனால் மெக்கேயின் படத்தை மேலே நின்று மதிப்பிடும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை.

சரி, லூசியஸ்.

என் தொழிலில் ‘கோட் கவரேஜ்’ என்று ஒரு அளவு உண்டு. எழுதிய நிரலில் எத்தனை சதவீத வரிகள் டெஸ்ட் ஓடும்போது தொடப்பட்டன என்று சொல்லும். மேனேஜர்களுக்கு இந்த நம்பர் மேல் தனிக் காதல். ஆனால் நூறு சதவீதம் வந்தாலும் பக் இருக்கும். ஒரு வரி ஓடியதா என்று மட்டும்தான் அது சொல்லும், சரியாக ஓடியதா என்று அதற்குத் தெரியாது. திரைப்படங்களில் பிரதிநிதித்துவம் பற்றிய பேச்சும் பாதி நேரம் கவரேஜ் ரிப்போர்ட் போலத்தான் இருக்கிறது. கறுப்பர் இருக்கிறாரா, இருக்கிறார். பெண்கள் இருக்கிறார்களா, இருக்கிறார்கள். ‘டல்லடேகா நைட்ஸ்’ அந்த ரிப்போர்ட்டில் 2006-க்கு நல்ல மார்க் வாங்கும். ஏமி ஆடம்ஸின் சூசன் ஒரே ஒரு நீண்ட பேச்சில் ரிக்கியை எழுப்பி உட்காரவைக்கிறாள், அந்தப் பேச்சின் முடிவில் அவளே மேஜைமேல் ஏறித் தன் நிதானத்தை இழக்கிறாள். ஜேன் லின்ச் நடித்த அம்மாவும் அப்படித்தான், கண்டிப்பும் கிறுக்கும் ஒரே உடம்பில். பெண்களுக்குக் குறைவாகக் கொடுத்தாலும் கிறுக்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

மெக்கே, ஃபெரல் கூட்டணியின் படங்களில் நடிகர்களைக் கேமரா முன்னால் விட்டுவிட்டு, வாய்க்கு வந்ததைப் பேசவிட்டு, அதிலிருந்து பொறுக்கி எடுப்பது வழக்கம். இந்த மாதிரிப் படத்தில் ஒரு பாத்திரத்துக்குக் கிடைக்கும் மிகப் பெரிய செல்வம் நேரம். முட்டாள்தனமாகப் பேசிக்கொண்டே போவதற்கான நேரம். ரிக்கிக்குக் கிடைக்கிறது. கால் நாட்டனுக்கு (ஜான் சி. ரெய்லி) வஞ்சனையில்லாமல் கிடைக்கிறது. ரிக்கியின் இரண்டு வாண்டுப் பயல்களுக்குக்கூடக் கிடைக்கிறது. லூசியஸ் வரும்போது மட்டும் படம் வேலைக்குத் திரும்பிவிடுகிறது. எந்த கியர், எத்தனை லாப், யார் பின்னால் வருகிறார்கள். ஆரம்பத்தில் காரோட்டி பாதியில் இறங்கிப் போய்விட, யாராவது ஓட்டுகிறீர்களா என்று கேட்டு ரிக்கியின் வாழ்க்கையைத் தொடங்கிவைப்பவரே அவர்தான். ரிக்கி விழும்போது கவலைப்படுகிறார், எழும்போது பெருமைப்படுகிறார். அவர் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் என்ன பிரார்த்தனை என்று நமக்குத் தெரியாது. அவருக்கு க்ரேப் பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

‘தி கிரீன் மைல்’ (1999) படத்தில் அற்புத சக்தியோடு வந்து வெள்ளைக்காரர்களின் நோயைத் தீர்த்துவிட்டுச் செத்துப்போன கைதி ஜான் காஃபியாக ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர் டங்கன். அப்படிப்பட்ட ‘மந்திரக் கறுப்பர்’ பாத்திரங்களை ஸ்பைக் லீ 2001 வாக்கிலேயே கடுமையாகக் கேலி செய்திருந்தார். லூசியஸிடம் மந்திரம் இல்லை, ஸ்பானர் இருக்கிறது. ஆனால் வேலை அதேதான்.

நியாயமாகப் பேசினால் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆஸ்பத்திரிக் காட்சி. தனக்குக் கால் போய்விட்டதாக நம்பிக்கொண்டிருக்கும் ரிக்கி, அப்படியொன்றுமில்லை என்று சொல்ல வந்த லூசியஸைப் பார்த்து, உனக்கு அழகான, அறிவான, விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பிறந்து அவர்களுக்கும் கால் போகட்டும் என்று சாபம் விடுகிறான். அதுவரை கல் மாதிரி நின்ற மனிதர் உடைந்து, அந்தப் பீடையை என் தலையில் போடாதே என்று அலறுகிறார். இருபது வருஷம் கழித்தும் மீம்களில் சுற்றுகிற இடம் அது. நானே அனுப்பியிருக்கிறேன். டங்கனுக்குள் எவ்வளவு பெரிய கோமாளி இருந்திருக்கிறார் என்று அந்தச் சில நொடிகளில் தெரிகிறது. தெரிந்தவுடன் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

ஏன் என்று யோசித்தபோது, நான் ஷார்லட்டில் இருந்ததால், பதில் நடந்து போகும் தூரத்தில் கிடைத்தது. நாஸ்காரின் ஹால் ஆஃப் ஃபேம் அந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே கௌரவிக்கப்பட்டவர்களில் வெண்டல் ஸ்காட் ஒருவர். வர்ஜீனியாவின் டான்வில்காரர். உலகப் போரில் ராணுவ மெக்கானிக். அவரும் சாராயம் கடத்தியவர்தான். ஸ்பான்சர் இல்லாமல், பழைய கார்களை வாங்கி, தன் பிள்ளைகளையே பிட் க்ரூவாக வைத்துக்கொண்டு நாஸ்காரின் உயர்மட்டப் போட்டிகளில் 495 தடவை ஓட்டியவர். 1963 டிசம்பர் 1 அன்று ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அவர் ஜெயித்தார். ஆனால் கொடியை வேறொருவருக்கு அசைத்தார்கள். பக் பேக்கர் என்ற வெள்ளைக்கார வீரர் வெற்றி மேடைக்குப் போய்க் கோப்பை வாங்கிக்கொண்டு போனார். சில மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்தபின், லாப் கணக்கில் பிழை, ஸ்காட்தான் ஜெயித்தார் என்று ஒத்துக்கொண்டார்கள். உண்மையில் அவர் இரண்டு லாப் முன்னால் இருந்தார்.

பிழை என்பதை ஸ்காட் ஒருநாளும் நம்பவில்லை. வெற்றி மேடையில் ஜெயித்தவருக்கு ஒரு வெள்ளைக்கார அழகி முத்தம் கொடுப்பது வழக்கம். ஒரு கறுப்பருக்கு அந்த முத்தம் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டபின் ‘டல்லடேகா நைட்ஸ்’ படத்தின் கடைசி முத்தத்தை எனக்குப் பழையபடி பார்க்க முடியவில்லை. படம் தைரியமாகச் செய்த காரியம் அது, இன்றைக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாஸ்காரின் வரலாற்றில் ஒரு முத்தம் ஏற்கெனவே இருக்கிறது, நடக்காத முத்தம். படம் அதன் பக்கமே திரும்பவில்லை. அந்த முத்தத்தின் சொந்தக்காரராக இருந்திருக்கக்கூடியவர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்று கைதட்டுகிறார்.

படத்துக்கு நாஸ்கார் அமைப்பின் ஒத்துழைப்பு இருந்தது. உண்மையான ஓடுதளங்கள், உண்மையான வர்ணனையாளர்கள், டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர்கூட ஒரு காட்சியில் தலைகாட்டிவிட்டுப் போகிறார். டல்லடேகா 1969-இல் திறக்கப்பட்ட இடம். நாஸ்காரைத் தொடங்கிய பில் ஃபிரான்ஸ், இனப் பிரிவினை என்றென்றும் நீடிக்கும் என்று முழங்கிப் பதவியேற்ற அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்கு நெருக்கமானவர், 1972-இல் அவருக்காகத் தேர்தல் வேலையும் பார்த்தவர். அந்த மைதானங்களைச் சுற்றிலும் கூட்டமைப்புக் கொடி பல பத்தாண்டுகள் பறந்துகொண்டிருந்தது. படம் தெற்கத்திய வெள்ளைக்கார ஆணின் பக்தியை, சாப்பாட்டை, பிள்ளை வளர்ப்பை, காம பயத்தை எல்லாம் கேலி செய்கிறது. கதையின் எந்தத் திருப்பமும் அந்தக் கொடியைத் தொடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வேற்றுமையைக் கேலிக்குள் கொண்டுவருவது சுலபம். பிரெஞ்சுக்காரனுக்கு நாஸ்கார் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. ஸ்காட்டின் குடும்பத்துக்குப் பட்டிருந்தது. கறுப்பர் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்து, ரிக்கி பாபி அளவுக்கு மடத்தனமாக ஒரு நிமிஷம் பேசியிருந்தாலும், அவரைச் சுற்றி நிற்கும் வெள்ளைக்காரர்கள் அதுவரை இருந்த மாதிரி வெகுளியாகத் தெரிந்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய வெகுளித்தனத்தைக் காப்பாற்றத்தான் லூசியஸ் அவ்வளவு கண்ணியமாக நிற்க வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு வழக்கமான ஒரு பதில் உண்டு. கறுப்பரைக் கோமாளியாக்கி மேடை ஏற்றியே நூறு வருஷம் பிழைத்த தேசத்தில் ஒரு கறுப்பரைப் புத்திசாலியாகக் காட்டுவதுதானே மரியாதை? இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1977-இலேயே ‘க்ரீஸ்டு லைட்னிங்’ என்ற படத்தில் வெண்டல் ஸ்காட்டாக ரிச்சர்ட் பிரையர் நடித்துவிட்டார். அமெரிக்காவின் ஆகப் பெரிய கோமாளிகளில் ஒருவர், ஒரு கறுப்பினப் பந்தய வீரராக. வெள்ளைக்காரன் எழுதித் தரும் கோமாளித்தனமும் தானே எடுத்துக்கொள்ளும் கோமாளித்தனமும் வேறு வேறு என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நிஜ உலகமோ 2006-இல் படத்தைவிட விநோதமாக இருந்தது. அந்த வருஷம் மார்ச்சில் அட்லாண்டாவில் நாஸ்காரின் உயர்மட்டப் போட்டியில் பில் லெஸ்டர் என்ற கறுப்பின வீரர் இறங்கினார். 1986-க்குப் பிறகு அந்த மட்டத்தில் ஓட்டிய முதல் கறுப்பர். பெர்க்லியில் மின்னணுவியலும் கணினியும் படித்து, ஹியூலட் பேக்கர்டில் இன்ஜினியராக இருந்து, வேலையை விட்டுவிட்டுக் கார் ஓட்டப் போனவர். என் சாதிக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம், கீபோர்டு சாதி. மிடில் ஏஜில் நல்ல சம்பளத்தை உதறிவிட்டு வட்டமாகக் கார் ஓட்டப் போன ஒரு கணினி இன்ஜினியர்! இதைவிட நல்ல காமெடிக் கதாநாயகன் எங்கே கிடைப்பான்? அதே ஜூலையில், படம் வெளியாக ஒரு மாதம்கூட இல்லாதபோது, கொலம்பியாவின் ஹுவான் பாப்லோ மோன்டோயா ஃபார்முலா ஒன்னை விட்டு நாஸ்காருக்கு வருவதாக அறிவித்தார். ஜிரார் நிஜத்திலேயே வந்து இறங்கிவிட்டான், காம்யு மட்டும் கையில் இல்லை.

பிறகு 2020 வந்தது. ஜூன் 10 அன்று நாஸ்கார் கூட்டமைப்புக் கொடியைத் தடை செய்தது. அதைக் கேட்டு வாங்கியவர்களில் முக்கியமானவர் அலபாமாவில் பிறந்த பபா வாலஸ். பதினோரு நாள் கழித்து, அதே டல்லடேகாவில், அவருடைய காரேஜ் ஷெட்டில் சுருக்குக் கயிறு போல முடிந்த ஒரு கயிறு தொங்கியது. மறுநாள் மற்ற வீரர்கள் எல்லாரும் சேர்ந்து அவர் காரைத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார்கள். அந்தக் கயிறு முந்தைய வருஷத்திலிருந்தே அங்கே இருந்தது, அவரைக் குறிவைத்தது இல்லை என்று எஃப்பிஐ சொன்னது. அதற்கப்புறம் பல மாதம் அவரைப் பொய்யன் என்று திட்டினார்கள், கயிற்றைக் கண்டதும் புகார் கொடுத்ததும் அவர் இல்லை என்றபோதும். 2021 அக்டோபர் 4 அன்று டல்லடேகாவிலேயே அவர் ஜெயித்தார். ஸ்காட்டுக்குப் பிறகு உயர்மட்டத்தில் ஒரு கறுப்பரின் முதல் வெற்றி. மழையால் பாதியில் நின்ற பந்தயம் என்று அதற்கும் முணுமுணுத்தார்கள். அதே ஆகஸ்டில்தான் ஸ்காட்டின் குடும்பத்திடம் ஜாக்சன்வில் கோப்பையை ஒருவழியாகக் கொடுத்திருந்தார்கள், ஐம்பத்தேழு வருஷம் கழித்து. ஸ்காட் 1990-இலேயே இறந்துவிட்டார்.

வாலஸின் பேட்டிகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும், இந்த மனிதருக்கு ஒருநாளாவது மடத்தனமாக இருக்க விடுப்பு கிடைத்திருக்குமா என்று. ஒரு சாதாரணப் பையன், டிரம்ஸ் வாசிப்பான், கோபம் வரும், இடித்தவனைப் போய்த் தள்ளுவான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு இனத்தின் சார்பில் தள்ளியதாகக் கணக்கு எழுதப்படும். ரிக்கி பாபி ஜட்டியோடு ஓடுதளத்தில் ஓடி, இல்லாத நெருப்பை அணைக்கச் சொல்லி ஏசுவையும் அல்லாவையும் டாம் குரூஸையும் கூப்பிட்டால் அது ஒரு தனிமனிதனின் கிறுக்கு.

என் விஷயம் இவற்றுக்குப் பக்கத்தில்கூட வைக்கத்தக்கது இல்லை. யாரும் என்னை அவமதிக்கவில்லை. அந்த அலுவலகத்தில் மூன்று வருஷம் எல்லா அப்ரைசலிலும் ‘நிதானமானவர், நம்பகமானவர்’ என்றே எழுதினார்கள். அறையில் நான் எப்படிப் பேசுவேன் என்று மதுரைக்காரனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். ஆபீஸில் மட்டும் நான் ஒரு ஜோக் சொன்னால் ஒரு நொடி மௌனம் வரும், ஏதோ சொல்ல வருகிறான், கவனமாகக் கேட்போம் என்கிற மாதிரி முகங்கள். அதன்பிறகு ஜோக் சொல்வதை விட்டுவிட்டேன்.

2016 மே மாதம் அதே பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஷார்லட்டின் 600 மைல் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். நல்ல மனிதர். டிக்கெட் காசு வாங்க மாட்டேன் என்றார். வண்டி நிறுத்தி நடந்து போகும் வழியில், கேம்பர் வண்டிகளுக்கு மேலே அந்தக் கொடி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பறந்தது. தடை வர இன்னும் நாலு வருஷம் இருந்தது. முந்தைய வருஷம் ‘தயவுசெய்து கொண்டுவராதீர்கள்’ என்று கேட்டுக்கொண்டதோடு சரி. நான் பார்த்ததை அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, நடையை மட்டும் கொஞ்சம் வேகமாக்கினார்.

உள்ளே போனதும் எனக்கு ஒரு ஸ்கேனர் வாடகைக்கு எடுத்துத் தந்தார். காதை அடைக்கும் பெரிய ஹெட்செட்டோடு வரும் ரேடியோ. நம்பரைப் போட்டால், காரோட்டியும் க்ரூ சீஃபும் பேசிக்கொள்வதை நாமும் கேட்கலாம். நடுவரிசையில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு காரைப் பிடித்தேன். முதல் நூறு லாப் டயர், பெட்ரோல், காற்று என்று போனது. அப்புறம் மஞ்சள் கொடி காட்டி வண்டிகள் மெதுவாக ஊர்ந்த நேரத்தில் அந்த க்ரூ சீஃப், தெற்கத்திய இழுவையோடு, போன வாரம் தன் மாமியார் வீட்டில் கோழி வறுக்கப் போய் எண்ணெய்ச்சட்டி பற்றிக்கொண்டு தன் புருவம் கருகிய கதையை எடுத்தார். நடுநடுவே தானே சிரித்து, இருமி, எங்கே விட்டேன் என்று கேட்டு, திரும்பத் தொடங்கினார். கதை எங்கேயும் போய்ச் சேரவில்லை. காரோட்டி ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தார். பச்சைக் கொடி விழுந்தபோதும் மாமியார் இன்னும் தண்ணீர் வாளியைத் தேடிக்கொண்டுதான் இருந்தார்.